கள்ளும் களங்கமும்: பேராக் தோட்டப்புறத் தமிழரும் 'குடிகாரர்' என்னும் படிமமும்

முன்னுரை

பேராக் மாநிலத்தில் பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் இடைப்பட்ட சாலையோரத்தில் கட்டி முடிக்கப்படாத மாளிகை ஒன்று நிற்கிறது. கெல்லி மாளிகை என்று அழைக்கப்படும் இக்கட்டடத்தை எழுப்பத் தொடங்கியவர் வில்லியம் கெல்லி சுமித் என்னும் இசுக்காட்லாந்துத் தோட்ட முதலாளி ஆவார். சென்னை மாகாணத்திலிருந்து கட்டடத் தொழிலாளர் இதற்கென வரவழைக்கப்பட்டனர். 1918ஆம் ஆண்டளவில் பரவிய நச்சுக் காய்ச்சலில் அவர்களுள் பலர் மாண்டனர். எஞ்சியோரின் வேண்டுகோளை ஏற்றுக் கெல்லி அருகிலேயே மாரியம்மன் கோயில் ஒன்று அமைய உதவினார் என்பது இன்றளவும் வழங்கும் செய்தி. 1926இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்துபோக, மாளிகை முற்றுப்பெறாமல் நின்றது.

மாளிகையைக் காணச் செல்லும் மாணவர்களுக்கு வழிகாட்டிகள் தவறாமல் காட்டும் இடங்களுள் ஒன்று, அதன் அடித்தளத்தில் உள்ள திராட்சைமது நிலவறை. அதைக் காணும் எவரும் கெல்லியைக் குடிகாரர் என்று சொல்வதில்லை. சுவையறிந்து வாழ்ந்த செல்வர் என்றே கருதுகின்றனர். ஆனால், அதே காலத்துத் தோட்டத் தொழிலாளியின் கையிலிருந்த கள்ளுக் குவளை அவனுடைய இனத்தின் இயல்புக்கே சான்றாக்கப்பட்டது. மலாய் மொழி வழக்கில்கூடக் கள்வெறி கொண்ட தமிழனை உவமையாக்கும் மரபுத்தொடர் ஒன்று இடம்பெற்றுவிட்டது. ஒரே செயல் ஒருவருக்குச் சுவையாகவும் மற்றவருக்குக் களங்கமாகவும் ஆனது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நாடுகளும் பானங்களும்

ஒரு நாட்டினரை அவர்தம் உணவாலும் பானத்தாலும் அடையாளப்படுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். செர்மானியர் என்றால் பீர், பிரெஞ்சுக்காரர் என்றால் திராட்சைமது, உருசியர் என்றால் வோட்கா எனச் சொல்லிப் பழகிவிட்டோம். இவ்வடையாளங்கள் மக்களின் நாவிலிருந்து தாமாகத் தோன்றியவை போலக் காட்சியளிப்பினும், இவற்றுள் பலவற்றின் பின்னணியில் அரசின் வரியும் வணிகமும் மறைந்துள்ளன.

1751இல் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் இரு படங்களை வெளியிட்டார். 'பீர்த் தெரு' என்னும் படத்தில் மக்கள் உடல்நலமும் உழைப்பும் மகிழ்ச்சியும் உடையவராய்க் காணப்படுகின்றனர். 'ஜின் சந்து' என்னும் படத்திலோ தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. பீர் ஆங்கிலேயருக்குரிய நற்பானம் என்றும், ஒல்லாந்திலிருந்து வந்த ஜின் ஏழைகளைக் கெடுக்கும் நஞ்சு என்றும் அவை அறிவுறுத்தின. ஆனால், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மிகுதியான தானியத்தை விற்பதற்காக உள்நாட்டு வடிப்புத் தொழிலை ஊக்குவித்ததே ஆங்கில நாடாளுமன்றந்தான். முதலில் சட்டம் மலிவு மதுவைப் பெருக்கியது; பின்னர் ஏழையின் ஒழுக்கம் பழிக்கப்பட்டது.

உருசியாவின் நிலையும் இத்தகையதே. 1890களில் வோட்கா விற்பனையை அரசு தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் அரசின் வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதிலிருந்து கிடைத்தது. குடியானவன் குடித்தால்தான் கருவூலம் நிறையும் என்ற நிலையில், அவன் குடிப்பது உருசிய உள்ளத்தின் இயல்பு என்று விளக்கப்பட்டது. மலாயாவின் தோட்டப்புறத்தை நோக்குவதற்கு இவ்விரு சான்றுகளும் துணைபுரிகின்றன.

தமிழ் மரபில் கள்

தமிழருக்குக் கள் மலாயாவில் அறிமுகமானதன்று. கள், தேறல், நறவு, மட்டு, தோப்பி, பிழி எனச் சங்க நூல்களில் வரும் சொற்களே அக்கால மக்கள் பானங்களை எவ்வளவு நுட்பமாக வேறுபடுத்தி அறிந்திருந்தனர் என்பதைக் காட்டும். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் 235ஆம் பாட்டாக உள்ளது. கள் சிறிதளவே கிடைத்தால் தமக்கே கொடுத்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் தாம் பாடத் தானும் உடனிருந்து மகிழ்ந்து உண்பான் என்று அவர் நினைவுகூர்கிறார். அங்கே கள் நட்பின் அளவுகோலாக நிற்கிறது. 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கலங்களில் கொணர்ந்த தண்கமழ் தேறலைப் பாண்டியன் பருகுவதைக் குறிப்பிடுகிறார். அரிக்கமேட்டில் கிடைத்த உரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள் அவ்வணிகத்திற்குத் தொல்லியல் சான்றாக அமைகின்றன.

இதே மரபில்தான் திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையும் தோன்றியது. ஆகவே, தமிழ் மரபு கள்ளைப் போற்றியது என்றோ வெறுத்தது என்றோ ஒருமுகமாகக் கூறுதல் பொருந்தாது. விருந்தும் விலக்கும் ஒரே மொழியில் அருகருகே வாழ்ந்துள்ளன. ஓர் இனத்திற்கு ஒரே சுவை உண்டு என்னும் கருத்துக்கு நம் இலக்கியமே மறுப்பாக உள்ளது.

தோட்டத்தில் கள்ளுக்கடை

மலாயாவில் நிகழ்ந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள முதலில் கள்ளின் தன்மையை அறிதல் வேண்டும். தென்னையின் விரியாப் பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் வடியும் சாறு, காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதிகளால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். அப்போது அதில் ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு வரை சாராயச்சத்து இருக்கும். அதாவது, அது வலிமையில் பீரை ஒத்தது. ஒரு நாளுக்கு மேல் வைத்தால் அது காடியாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத பதநீர் கிடைக்கும். இத்தகைய பானத்தை நெடுந்தொலைவு கொண்டு செல்வதும் நாட்கணக்கில் சேமித்து வைப்பதும் அக்காலத்தில் இயலாதவை. இறக்கிய அன்றே, இறக்கிய இடத்திற்கு அருகிலேயே விற்றாக வேண்டும்.

பேராக்கில் இதற்கான சூழல் அமைந்திருந்தது. தெலுக் இந்தான், பாகான் டத்தோ வட்டாரங்களில் தென்னந்தோட்டங்கள் பரந்திருந்தன. சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா, தாப்பா, பீடோர் வட்டாரங்களில் பால்மரத் தோட்டங்கள் பெருகின. தொழிலாளர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால் வெட்டி, பால் எடுத்துக் கொட்டகையில் சேர்க்கப் பிற்பகலாகிவிடும். காலையில் இறக்கிய கள் பதமாகப் புளிக்கும் நேரமும் அவர்கள் லயத்திற்குத் திரும்பும் நேரமும் ஒன்றாக இருந்தன.

தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் நடத்தப்பட்டன. நகரங்களில் அரசின் கள்ளுக்கடைகள் இருந்தன. தோட்டக் கடையின் ஆதாயம் தொழிலாளர் நலனுக்கெனத் தனி நிதியாக வைக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. கடை இல்லையெனில் தொழிலாளி கள்ளத்தனமாகக் காய்ச்சிய சம்சுவை நாடுவான் என்பதும், கள்ளில் உயிர்ச்சத்து உண்டு என்பதும் இவ்வேற்பாட்டிற்கு ஆதரவாகக் கூறப்பட்ட வாதங்கள். இவ்வாதங்களில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும், இதன் விளைவு நோக்கத்தக்கது. முதலாளி தம் பொறுப்பில் செய்து தர வேண்டிய நலன்களுள் ஒரு பகுதி, தொழிலாளியின் குடிச் செலவிலிருந்தே செய்யப்படலாயிற்று. கடை லயத்திற்கு அருகில் இருந்தது. நூலகமோ திடலோ பல தோட்டங்களில் இல்லை. பள்ளியும் பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு நின்றது. நகரத்திற்குச் செல்லும் வசதியும் அரிது. இச்சூழலில் மாலைப்பொழுதைக் கழிக்கத் தொழிலாளிக்குக் கிடைத்த பொது இடம் பெரும்பாலும் கோயிலும் கள்ளுக்கடையுமே ஆகும்.

அபின், ஸ்தெங்கா, கள்

குடியேற்ற ஆட்சியில் ஒவ்வோர் இனத்திற்கும் ஒரு தொழில் ஒதுக்கப்பட்டது போலவே ஒரு போதையும் ஒதுக்கப்பட்டது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனருக்கு அபின் விற்கப்பட்டது. முதலில் குத்தகைதாரர் வழியாகவும், 1910 முதல் அரசின் தனியுரிமையாகவும் இவ்விற்பனை நடந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் பல ஆண்டுகள் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்தே கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆங்கிலேயர் மீண்டும் வந்தபோதுதான் அபின் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. வெள்ளைத் துரைமார் தம் மன்றங்களில் விஸ்கியும் சோடாவும் கலந்து அருந்தினர். பாதி என்று பொருள்படும் மலாய்ச் சொல்லிலிருந்து அதற்கு 'ஸ்தெங்கா' என்று பெயர் வந்தது.

மூன்று பானங்களும் மூன்று விதமாக மதிப்பிடப்பட்டன. அபின் சீனரின் இயல்பான பலவீனம் எனவும், கள் தமிழரின் இயல்பான பலவீனம் எனவும் கருதப்பட்டன. ஸ்தெங்கா வெப்பநாட்டு உழைப்பின் களைப்பைப் போக்கும் துணை எனப்பட்டது. சயிட் உசேன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' என்னும் பொருள்படும் நூலில், மக்களின் குணம் பற்றிய குடியேற்றக்காலப் படிமங்கள் முதலாளித்துவத்தின் தேவைக்கேற்ப உருவானவை என்று நிறுவினார். மலாய்க்காரர் தோட்டக் கூலியாக வராததால் சோம்பேறி என்ற பெயர் பெற்றனர். அவருடைய அணுகுமுறையைத் தமிழருக்கும் பொருத்திப் பார்க்கலாம். குறைந்த கூலியில் வாழும் தொழிலாளியின் வறுமைக்குக் காரணம் கூலி அன்று, குடியே என்று சொல்ல முடிந்தால், கூலியை உயர்த்த வேண்டிய தேவை எழுவதில்லை.

இப்படிமத்தை நம்மவரும் ஏற்றுக்கொண்டனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. நகரத்து எழுத்தர், கடைக்காரர், கல்வி கற்றோர் ஆகியோர் தோட்டத் தமிழரிடமிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்டக் கள்ளைப் பயன்படுத்தினர். பீரும் பிராந்தியும் அருந்தியவரும் 'கள்ளுக்கடைக் கூட்டம்' எனத் தம் உறவினரையே இகழ்ந்தனர். எனவே, இனப் படிமம் எனத் தோன்றுவதன் உள்ளே வர்க்க வேறுபாடும் செயற்பட்டுள்ளது.

எதிர்ப்பின் வரலாறு

கள் தமிழரின் இயல்பு என்ற கூற்றுக்கு வலிமையான மறுப்பைத் தந்தவர்கள் தோட்டத் தொழிலாளரே ஆவர். 1929 டிசம்பரில் ஈப்போவில் நடைபெற்ற தமிழர் மாநாட்டில் பெரியார் ஈ.வெ.ரா. கலந்துகொண்டார். மதுவிலக்குப் போராட்டத்திற்காகத் தம் தோப்பின் தென்னை மரங்களையே வெட்டியவர் என அறியப்பட்ட அவரது வருகைக்குப் பின், சீர்திருத்த உணர்வு மலாயாத் தமிழரிடையே பரவலாயிற்று.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகள் ஆசிரியர்கள் வகுப்பறையில் எடுத்துரைக்கத் தக்கவை. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தில் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டனர். பெண்களுக்குப் பாதுகாப்புக் கேட்டனர். துரையின் முன் மிதிவண்டியில் இறங்காமல் செல்லும் உரிமை கேட்டனர். அவற்றோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டனர். மிதிவண்டியும் கள்ளுக்கடையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது தற்செயலானதன்று. இரண்டும் மானம் பற்றியவை. அப்போராட்டம் இராணுவத்தைக் கொண்டு ஒடுக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பின் கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்ட இளைஞர்கள் அணிவகுத்து நின்று கள்ளுக்கடை மறியல் செய்தனர். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் காவல்துறையினருடன் ஏற்பட்ட மோதலில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். கள்ளை விற்கும் உரிமையைக் காக்க ஆட்சியின் தடியும், அதை மறுக்கும் உரிமைக்காகத் தமிழனின் உயிரும் எதிரெதிரே நின்ற நிகழ்ச்சி இது. குடிக்காக உயிர்விட்டவன் என்ற படிமம் நம் நினைவில் நிற்கிறது. குடியை எதிர்த்து உயிர்விட்டவன் நம் பாடநூல்களில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

கள்ளுக்குப் பின் சம்சு

படிமத்தை மறுக்கும் முயற்சியில், துன்பத்தை மறுத்துவிடுதல் கூடாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் அழிக்கப்பட்டுச் செம்பனையும் வீட்டுமனையும் பெருகிய காலத்தில் தொழிலாளர் பலர் நகரோரப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். கள்ளுக்கடைகள் குறைந்தன, குடி குறையவில்லை. சிறு புட்டிகளில் மலிவாக விற்கப்பட்ட சம்சு கள்ளின் இடத்தைப் பிடித்தது. சீன மொழியிலிருந்து வந்த பெயரைக் கொண்ட இவ்வடிமது, கள்ளைவிடப் பன்மடங்கு கடுமையானது. மருந்துக்குணம் உடையது என்பது போன்ற வாசகங்களுடன் அது விற்கப்பட்டதைப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலம் எதிர்த்து வந்தது. மலேசியாவில் பீருக்கு விதிக்கப்படும் வரி உலகின் உயர்ந்த வரிகளுள் ஒன்று. எனவே, ஏழை மென்மையான மதுவைக் கைவிட்டு வன்மையான மலிவு மதுவை நாடுவதற்குச் சுவை காரணமன்று, விலையே காரணம்.

2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மதுவால் நம் நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாண்டோருள் மியன்மார், நேப்பாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் பலர் இருந்தனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் தமிழன் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கின்றனர். அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் சொற்களும் நம் முன்னோரைப் பற்றிச் சொல்லப்பட்டவையே.

சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகளை நோக்கினால், மலேசிய இந்தியருள் மது அருந்துவோர் சிறுபான்மையினரே எனத் தெரிகிறது. படிமம் இருவகையில் தீங்கு செய்கிறது. குடிக்காத பெரும்பான்மையினரைக் களங்கப்படுத்துகிறது. குடியால் துன்புறும் சிறுபான்மையினருக்கு, அது அவர்களின் இயல்பு என்று சொல்லி உதவியை மறுக்கிறது.

ஒரே பானம், பல மதிப்பு

சரவாக்கில் ஈபான் மக்கள் அரிசியிலிருந்து செய்யும் துவாக், காவாய் விழாவின் பண்பாட்டு அடையாளமாகப் போற்றப்படுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கும் வழங்கப்படுகிறது. தீபகற்பக் கிழக்குக்கரையில் புளிக்காத நீரா வழியோரக் கடைகளில் கிடைக்கிறது. கேரளத்தில் கள்ளுக்கடை, கப்பையும் மீன்குழம்பும் தேடிச் செல்வோரின் உணவகமாகவும் விளங்குகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது; ஆனால், 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறையில் பிற மதுவகைகளை விற்று வருகிறது. நம் நாட்டில் சீனக் குடும்பங்களில் பேறுகாலத் தாய்மாருக்குப் பிரெஞ்சு நாட்டு பெனடிக்டைன் மது மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. நம் முனீசுவரர் படையலிலும் மதுரை வீரன் படையலிலும் சுருட்டுடன் மதுவும் இடம்பெறுவதுண்டு. பானத்தின் மதிப்பு அதன் சாராயச்சத்தில் இல்லை, அருந்துபவரின் சமூக நிலையில்தான் உள்ளது என்பதை இவை தெளிவாக்கும்.

முடிவுரை

ஆய்வுக் கட்டுரையில் தன்வரலாற்றுக்கு இடமில்லை என்பது பொதுவிதி. எனினும், ஆசிரியர்கள் படிக்கும் இவ்விதழில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட விரும்புகிறேன். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் நான் வளர்ந்தேன். என் பாட்டனார் வேலை முடிந்து வந்ததும் கள்ளுக்கடையில் ஒரு குவளை அருந்திவிட்டு, வீடு திரும்பி அரிச்சந்திரன் கதை சொல்லுவார். பாட்டிக்குக் கள்ளின் வாடையே ஆகாது. ஆனால், பிள்ளைப்பேற்றுக்குப் பின் மகளிருக்குக் கறுப்பு பீர் நல்லது என்று அவரே வாங்கி வரச் சொல்லுவார். பால்வெட்டுத் தொழிலாளியான என் தந்தையார் வாழ்நாளில் மது தொட்டவர் அல்லர். குறளைக் காரணம் காட்டியவரும் அல்லர். கேட்டால், "எனக்குப் பிடிக்கல" என்பார். ஒரு லயத்து வீட்டிற்குள் இத்தனை சுவைகள் இருந்தன.

தொடக்கப்பள்ளியின் இறுதி வகுப்பில் 'குடியின் தீமை' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தார்கள். குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கும் தந்தை ஒருவரைத் தன்மை இடத்தில் வைத்து எழுதினேன். வகுப்பில் படித்த மாதிரிக் கட்டுரைகள் அவ்வாறே இருந்தன. உயர்ந்த புள்ளியும் கிடைத்தது. அன்று மாலை தந்தையார் அந்த ஏட்டை எடுத்து, பால்கறை படிந்த விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தார். "கையெழுத்து நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லி மூடி வைத்தார். முனைவர் பட்ட ஆய்வுக்காக வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில் குடியேற்றக்கால ஆவணங்களில் தமிழ்த் தொழிலாளரின் குடி பற்றிய பத்திகளைப் படிக்கும்போதெல்லாம், அவற்றை நானும் ஒருமுறை எழுதியவன் என்பதே நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவேண்டும் என்று எண்ணி ஊர் திரும்பியபோது அவர் இல்லை.

எனவே, தமிழாசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மதுவின் தீமையைக் கற்பித்தல் நம் கடமை. அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால், அக்கட்டுரைகளில் குடிகாரத் தந்தையின் அருகில் மிதிவண்டி உரிமை கேட்ட கிள்ளான் தொழிலாளியும், பீடோங்கில் மறியல் செய்த இளைஞனும் இடம்பெறட்டும். கடையைத் திறந்தவர் யார், அதன் வருவாய் யாருக்குச் சென்றது என்னும் வினாக்களையும் மாணவர் எழுப்பட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தலைப்பைக் கொடுக்குமுன் உன் வீட்டில் யார் என்ன அருந்துவார்கள், யார் எதை விரும்பார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். பிள்ளைகள் தாம் கண்டதை எழுதினால், அதில் படிமத்திற்கு இடம் குறைவாகவே இருக்கும்.